செங்கோட்டை – புனலூர் 50 கி.மீ.: தனி ஆளாக ஒரே நாளில் நடந்துவிடலாமா?

கரிசல்நடை:

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி முதல் வாரத்தில் ராஜபாளையத்திலிருந்து கொல்லம் வரை தனியாக நடக்கப் போகிறேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் வலி நிவாரண அறக்கட்டளை ஒன்றுக்கு நிதி சேர்ப்பதற்கான நடை இது. செங்கோட்டை வரை ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. 20, 25 கி.மீ.க்கு ஒரு தங்கல் பார்த்துவிட்டேன். இடிக்கிற இடம் அதற்கு அடுத்த நாள்தான். செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை சுமார் 50 கி.மீ. அதை ஒரே நாளில் முடித்தால் கொல்லத்தில் கூட்டம் வைத்திருக்கும் தேதிக்குச் சரியாகப் போய்ச் சேரலாம்.

என் எடை 58 கிலோ, பை 9 கிலோ. சமதரையில் 25 கி.மீ. வரை நடந்து பழக்கம் உண்டு. 20 கி.மீ. தாண்டியதும் குதிகாலின் பின்பக்கமும் சுண்டுவிரலும் கொப்புளம் கட்டுகின்றன. மலைச்சாலையில் எந்த ஓரமாக நடப்பது, தண்ணீர் எவ்வளவு சுமப்பது, பெண்ணாகத் தனியே போகும்போது கழிப்பறைக்கு என்ன வழி, வழியில் யாராவது பணம் கொடுத்தால் வாங்கலாமா? இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைவழி:

ஒரே நாளில் வேண்டாம். தென்மலையில் ஓர் இரவு தங்குங்கள். ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பையோடு நாள் முழுக்கத் தாங்கும் வேகம் சமதரையில் மணிக்கு 4.5 கி.மீ. அப்படியானால் 50 கி.மீ.க்கு 11 மணி நேரம். ஏற்றத்துக்கு, 600 மீட்டர் உயரம் ஏறினால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள் என்று மலையேறிகளிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. இங்கே அவ்வளவு ஏறப்போவதில்லை, அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அது 2 மணி நேரம். காலைச் சாப்பாட்டுக்கும் உச்சி வெயிலுக்கு ஒதுங்குவதற்கும் மூன்றரை மணி. ஆக 17 மணி நேரம். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினாலும் புனலூர் சேர இரவு 10 ஆகும். பிப்ரவரியில் அங்கே ஆறரைக்கே இருட்டிவிடும். கடைசி மூன்று, நான்கு மணி நேரம் ஓரத்தில் ஒதுங்க இடமில்லாத சாலையில், சோர்ந்த காலோடு, லாரி விளக்குகளுக்கு முன்னால் நடக்க வேண்டியிருக்கும். இந்தத் திட்டத்தில் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. 50 கி.மீ. என்ற எண்ணைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம், அதன் கடைசிப் பகுதி எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள்.

தென்மலை – புனலூர் சுமார் 21 கி.மீ. அதைக் கழித்தால் முதல் நாளுக்கு 29 கி.மீ. அளவில் நிற்கும். அதுவே போதுமான நீள நாள். நேரத்தை இப்படி வைத்துப் பாருங்கள்.

காலை 5:00-க்குச் செங்கோட்டை. புளியரை வரை வயலும் ஊருமாகச் சமதரை, இருட்டில் நடந்தாலும் பரவாயில்லை. மலை அடிவாரத்தை ஆறரை, ஆறே முக்காலுக்குத் தொடுவீர்கள், சரியாக வெளிச்சம் வந்திருக்கும். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் டீக்கடையில் காத்திருங்கள், இருட்டில் ஏறாதீர்கள். எஸ் வளைவு தாண்டிக் கோட்டைவாசல் எட்டு, எட்டே கால். ஆரியங்காவு ஒன்பதரைக்குள். அங்கே முழுச் சாப்பாடு, செருப்பைக் கழற்றி அரை மணி ஓய்வு. கழுதுருட்டி பதினொன்றரை. அங்கே மூன்று மணி வரை நிழலில் இருந்துவிட்டுக் கிளம்பினால் ஐந்துக்கு முன்பே தென்மலை.

நேரக் கெடுவையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆரியங்காவை 11 மணிக்குள் தொடவில்லை என்றால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. கழுதுருட்டியிலிருந்து நாலரைக்குள் கிளம்ப முடியவில்லை என்றால் பேருந்து ஏறித் தென்மலை போய்விட்டு, மறுநாள் காலை திரும்ப அதே இடத்துக்கு வந்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தென்காசி, செங்கோட்டை – புனலூர் பேருந்துகள் இரண்டு மாநிலத்துடையதும் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. நிதி கொடுத்தவர்கள் யாரும் நீங்கள் இருட்டில் நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சோர்ந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்று யோசித்தால், இன்னும் கொஞ்சம் போகலாம் என்றுதான் மனசு சொல்லும். அதனால் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போங்கள்.

இரண்டு குறுக்குவழி ஆசைகளை விட்டுவிடுங்கள். ஒன்று ரயில் பாதை. பகவதிபுரம் – ஆரியங்காவு இடையே உள்ள குகைக்குள் ரயில் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் குற்றமும்கூட. அந்தப் பாதையில் உள்ள பதின்மூன்று கண் ரயில் பாலத்தைச் சாலையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். இரண்டாவது, காட்டுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதைகள். அது யானை நடமாடும் காடு, வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போகவும் கூடாது. அந்திக்குப் பிறகு காட்டு ஓரச் சாலையில் நடப்பதை விடச் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தது நல்லது. கார்த்திகை ஒன்றிலிருந்து மகர ஜோதி வரை இதே சாலையில் சபரிமலை வண்டிகள் இரவு பகலாக ஓடும், தூக்கம் கெட்ட ஓட்டுநர்கள் அதிகம். ஜூன் வந்துவிட்டால் சாரல், மண் சரிவு, கண்ணை மறைக்கும் மூடுபனி.

லோடுவண்டி_கடையநல்லூர்:

தங்கச்சி, டிரைவர் சீட்ல இருந்து பார்த்தா நடக்குறவங்க எப்படித் தெரிவாங்கன்னு மட்டும் சொல்றேன்.

பொதுவா வலது ஓரமா நடங்க. எதிர்ல வர்ற வண்டி உங்க கண்ணுக்குத் தெரியும், டிரைவர் முகமும் தெரியும். இடது ஓரமா நடந்தா பின்னாடி வர்றவன் உங்களைப் பார்த்தானா இல்லையான்னே தெரியாது. ஆனா புளியரைக்கு மேல கொண்டை ஊசி மாதிரி வளைவுகள்ல இந்த விதி அப்படியே செல்லாது. சாலை வலது பக்கம் திரும்புதுன்னா நீங்க வளைவோட உள்பக்கம் இருப்பீங்க. மேல இருந்து இறங்குற லாரி உள்பக்கத்தை உரசிக்கிட்டுத்தான் திரும்பும், மலை மறைக்கிறதால பத்து மீட்டர் வர்ற வரைக்கும் நீங்க தெரியமாட்டீங்க. அதனால அந்த மாதிரி வளைவு வர்றதுக்கு 50 மீட்டர் முன்னாடியே, ரெண்டு பக்கமும் தெளிவா தெரியற இடத்துல, இடது ஓரத்துக்கு மாறிடுங்க. வளைவு முடிஞ்சு நேர் சாலை வந்ததும் திரும்ப வலதுக்கு வாங்க. வளைவு நடுவுல மட்டும் கடக்கவே கூடாது.

வைக்கோல் லாரி தனி விஷயம். நம்ம பக்கத்துல இருந்து கேரளாவுக்கு வைக்கோல் போயிட்டே இருக்கும். பாடியை விட ரெண்டு பக்கமும் லோடு பிதுங்கி நிக்கும். டிரைவர் டயரை வச்சு இடம் விட்டிருப்பான், லோடு உங்க தலையைத் தட்டும். அந்த வண்டி வருதுன்னா நடக்குறதை நிறுத்தி, சுவரையோ தடுப்புக்கல்லையோ ஒட்டி நில்லுங்க. அதே மாதிரி ஒரு லாரி போனதும் உடனே சாலைக்குள்ள காலை வைக்காதீங்க. அதுக்குப் பின்னாடி கார்க்காரன் முந்துறதுக்கு மூக்கை நீட்டிக்கிட்டு இருப்பான்.

இறக்கத்துல டயர், பிரேக் கருகுற வாடை வந்தா அந்த வண்டிக்குப் பிரேக் சூடேறிப் பிடிக்காம போகுதுன்னு அர்த்தம். வாடையடிச்ச உடனே ஒதுங்கி, முடிஞ்சா மேட்டுப் பக்கம் ஏறி நில்லுங்க.

பளபளன்னு வெளிச்சம் திருப்பி அடிக்கிற ஜாக்கெட், சாலைப் பணிக்காரங்க போடுறது, அதையே வாங்கிப் போடுங்க. பையோட பின்பக்கத்தை அது மறைக்கக் கூடாது, பை மேலயும் பட்டை ஒட்டணும். சைக்கிளுக்குப் போடுற சிவப்பு மினுக்கு விளக்கு ஒண்ணைப் பையில மாட்டிக்கோங்க. காதுல பாட்டு வேண்டவே வேண்டாம், மலையில ஹாரன் சத்தம்தான் கண்ணு. குடை வெயிலுக்கு நல்லது, ஆனா லாரி கிராஸ் பண்ணும்போது காத்து அதைத் திருப்பி உங்களையும் சேர்த்து இழுக்கும். வண்டி நெருங்குறப்போ மடக்கிருங்க.

பாதம்காப்போம்:

இயன்முறை மருத்துவம் சார்ந்து காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கொப்புளம் மேல்தோல் தேய்வதால் வருவதில்லை. உள்ளே எலும்பு ஒரு பக்கம் நகர, ஈரத்தில் ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு மறுபக்கம் நிற்க, இடையிலுள்ள தோல் அடுக்கு கிழிந்து அதில் நீர் கோக்கிறது. ஆகவே குறைக்க வேண்டியவை மூன்று: ஈரம், சூடு, உள்ளே கால் வழுக்குவது.

பருத்தி சாக்ஸை விட்டுவிடுங்கள், அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய நைலான் சாக்ஸ் உள்ளே, சற்றுத் தடிமனான செயற்கை இழை அல்லது கம்பளி கலந்த சாக்ஸ் மேலே. சுண்டுவிரலுக்கு விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸை உள்ளே போட்டால் பக்கத்து விரலோடு உராய்வது நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றி, பத்து நிமிடம் காலை உலரவிட்டு, சாக்ஸை மாற்றுங்கள். கழற்றியதைப் பையின் வெளியே தொங்கவிட்டால் அடுத்த நிறுத்தத்துக்குள் காய்ந்துவிடும்.

டேப்பைக் கொப்புளம் வந்த பிறகு தேடாதீர்கள். காலையில் கிளம்பும் முன்பே, கால் முழுதாக உலர்ந்திருக்கும்போது, குதிகாலிலும் சுண்டுவிரலிலும் மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணக் காகித டேப்பை ஒரே அடுக்காக ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டினால் சுருண்டு உரியாது. ஒரு சுருக்கம் இருந்தாலும் அதுவே கொப்புளம் போடும், உரித்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். 250 கி.மீ. பந்தயங்களில் ஓடியவர்களிடம் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மலிவான டேப் ஒட்டியதால் கொப்புளம் ஏறத்தாழ 40% குறைந்தது. வாசலின் தடவுவதாக இருந்தால் டேப் ஒட்டி முடித்த பிறகு மற்ற இடங்களுக்கு மட்டும். எண்ணெய்ப் பசை மேல் டேப் நிற்காது. தொடை இடுக்கு, அக்குள், பைப் பட்டை உரசும் தோள் ஆகியவற்றுக்கும் காலையிலேயே வாசலின் போட்டுவிடுங்கள்.

நடக்கும்போது ஓர் இடம் சுள்ளென்று சுட ஆரம்பித்தால் அடுத்த ஊர் வரட்டும் என்று நடக்காதீர்கள். அதே இடத்தில் உட்கார்ந்து டேப் போடுங்கள். சிறிய கொப்புளத்தை உடைக்க வேண்டாம், சுற்றி வளையமாகப் பஞ்சுத் துணி வைத்து மூடினால் போதும். பெரிதாகி நடையே மாறுகிறது என்றால் மட்டும், ஸ்பிரிட் நனைத்த பஞ்சில் துடைத்த புதிய ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட்டு, பொவிடோன் அயோடின் வைத்துக் கட்டுங்கள். இரத்தம் கோத்ததைத் தொடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் தாமாகக் குத்தக் கூடாது.

இனி கோட்டைவாசலுக்குப் பிறகான இறக்கம். ஏற்றம் குட்டை, மூச்சு வாங்குவதோடு முடிந்துவிடும். தென்மலை வரை சரிந்துகொண்டே போகும் சாலைதான் தொடையை அடிக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்க வேண்டும், அந்த வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலை படியிறங்கும்போது தெரியும். எட்டைச் சுருக்கிக்கொள்ளுங்கள், முட்டியை நீட்டி ஊன்றாதீர்கள், கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். நாய் துரத்தினாலும் அந்தக் கம்பு உதவும்.

கோட்டைவாசலில் நின்று ஷூ நாடாவை மறுபடி கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கணுக்கால் பக்கம் பயன்படுத்தாமல் ஒரு துளை இருக்கும். நாடாவை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துத் துளையில் விட்டு ஒரு கண்ணி வையுங்கள், இரண்டு பக்கமும். பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்க் கண்ணிக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் ஷூவின் பின்னால் பூட்டினாற்போல் நிற்கும், விரல்கள் முன்னால் போய் முட்டாது. நகம் கறுப்பதும் உங்கள் குதிகால் கொப்புளமும் இதிலேயே பாதி குறையும். நகங்களை இரண்டு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். நாள் நடக்கக் கால் வீங்கும் என்பதால் ஷூ வழக்கத்தை விட அரை அளவாவது பெரிதாக, நீளமான விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு இருக்க வேண்டும். புது ஷூ வேண்டாம். இன்னும் நாள் இருக்கிறது, மாற்றுவதானால் இப்போதே மாற்றி அதிலேயே பயிற்சி செய்யுங்கள்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரியும். வலது ஓரமாகவே மணிக்கணக்கில் நடந்தால் வலது கால் எப்போதும் பள்ளத்தில் ஊன்றும், வலது முட்டியின் வெளிப்பக்கமும் இடுப்பும் இழுக்க ஆரம்பிக்கும். வளைவுகளுக்காக லாரி அண்ணன் சொன்னபடி பக்கம் மாறுவது இதற்கும் நல்லது. ஊருக்குள் நடைபாதை கிடைத்தால் சமமான தரையில் நடங்கள்.

வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையை வியர்த்து ஊற்றும் நாளில் போடாதீர்கள், நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவசியமென்றால் பாரசிட்டமால்.

கரிசல்நடை:

மிக்க நன்றி. தென்மலையில் தங்குவதென்று முடிவு செய்துவிட்டேன், கொல்லத்துக் கூட்டத்தை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். தண்ணீரும் கழிப்பறையும் யாராவது சொன்னால் நல்லது. கேரளப் பக்கம் நிழலும் குளிர்ச்சியுமாக இருக்கும், தண்ணீர் குறைவாகப் போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கல்லடையாறு:

நிழல் உண்மை, குளிர்ச்சி பொய். பிப்ரவரி, மார்ச்சில் கேரளத்தில் வெப்பம் அதிகம் பதிவாகும் ஊர்களில் பாலக்காட்டோடு புனலூரும் அடிக்கடி வரும். கோடையில் வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுவது வழக்கம். நீங்களும் அதையே உங்களுக்கான உத்தரவாக எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைப் பக்கத்து வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்து உடம்பு குளிரும். மலையைத் தாண்டியதும் காற்றில் ஈரம் கூடும், வியர்வை காயாமல் வழியும், உடம்பின் சூடு இறங்காது. அதனால் கேரளப் பக்கம் வேகத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, தண்ணீரை அல்ல.

நடக்கும் நேரத்தில் மணிக்கு 500 முதல் 700 மில்லி. ஒரே மூச்சில் வேண்டாம், கால் மணிக்கு ஒருமுறை நான்கைந்து மடக்கு. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்துதான், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். நாளைக்கு நான்கு, ஐந்து லிட்டரில் ஒன்றரை லிட்டராவது ஓ.ஆர்.எஸ். கரைசலாக இருக்கட்டும். பெரிய பொட்டலம் என்றால் முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் போட்டுக் கெட்டியாக்கினால் வயிறு இழுக்கும். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

முழு நாளுக்கும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். இரண்டு லிட்டர் கொள்ளும் அளவுக்குப் புட்டிகள் போதும். புளியரை, ஆரியங்காவு, கழுதுருட்டியில் நிரப்பலாம். கேரள ஓட்டல்களில் பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர் வைப்பார்கள், நன்றாகக் காய்ச்சியதாக இருந்தால் குடிக்கலாம், புட்டியிலும் கேட்டு வாங்கலாம். "குறச்சு சூடுவெள்ளம்" என்றால் தருவார்கள். சில இடங்களில் காய்ச்சிய தண்ணீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து வைப்பதும் உண்டு. வெதுவெதுப்பாக இருந்தால் பச்சைத் தண்ணீர் கலந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சுடச்சுட இருப்பதே நல்லது. ஓடையில் பிடிக்க வேண்டாம். உப்பு போட்ட நாரங்கா வெள்ளமும் (எலுமிச்சைச் சாறு) சம்பாரமும் (மோர்) மதியத்துக்கு ஏற்றவை.

சாப்பாட்டில், ஆரியங்காவில் புட்டு கடலை அல்லது இட்லி, மதியம் கஞ்சியும் பயறும் கிடைத்தால் அதைவிட நல்ல நடைச் சாப்பாடு இல்லை. உப்பு, நீர், மாவுச்சத்து மூன்றும் அதில் இருக்கிறது. செங்கோட்டை வரை வந்து பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடாமல் போக மனம் வராது. முந்தின நாள் மதியமே சாப்பிட்டுவிடுங்கள், நடக்கும் காலையில் அந்த எண்ணெய் வயிற்றில் நிற்கும். கையில் கடலை மிட்டாய், பேரீச்சை, இரண்டு ஏத்தம்பழம். பசிக்கும் வரை காத்திராமல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். பெண்கள் அதிகம் செய்வது இதுதான். சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் அதில்தான் வருகின்றன. பெட்ரோல் பங்க், ஓட்டல், கோயில் வளாகம் எதைப் பார்த்தாலும் அவசரம் இல்லாவிட்டாலும் போய்விட்டு வாருங்கள். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் கட்டிய 'டேக் எ பிரேக்' என்ற பலகை போட்ட வழியோரக் கழிப்பறைகளையும் கவனியுங்கள். புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே உள்ள மலைப்பகுதியில் எதுவும் எதிர்பார்க்காதீர்கள், புளியரையிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். புதருக்குள் போவதில் பாம்பு, அட்டை, காட்டு விலங்கு மூன்று பயமும் உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த நிறமாகி, நாலைந்து மணி நேரம் வரவேயில்லை என்றால் நடையை நிறுத்துங்கள்.

வெயிலில் நடக்கும்போதே உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிவது, வியர்வை நிற்பது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிழல், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுதல், 108. இரண்டு மாநிலத்திலும் 108, 112 இரண்டும் வேலை செய்யும். கூப்பிட்டதும் முதலில் எந்த மாநிலம் என்றும், அடுத்து கடைசியாகக் கடந்த ஊரையும் சொல்லுங்கள், எல்லைப் பகுதியில் இது முக்கியம். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தைச் செல்போனில் இறக்கிவைத்துக்கொண்டு, புளியரை, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை நான்கிலும் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் ஒன்றரை மணி நேரம் செய்தி வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கிளம்பும் முன் புளியரை, ஆரியங்காவுப் பக்கக் காவல்துறையினருக்கும் ஒரு கடிதம் கொடுப்பது நல்லது.

தெருநாய் கடித்தாலோ நகம் கீறினாலோ, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசியை ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

வரவுசெலவு:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சொந்த யு.பி.ஐ. எண்ணில் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். அறக்கட்டளையின் கணக்குக்கு நேராகப் போகும் கியூ.ஆர். அட்டையை அச்சிட்டு, மழைபடாத உறையில் போட்டுப் பையின் முதுகில் தைத்துவிடுங்கள். அதன் கீழ் நடையின் நோக்கத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு வரி. மலையாள வரிகள் இருந்தால் கேள்வி பாதியாகக் குறையும். அறக்கட்டளையின் முத்திரையிட்ட கடிதம் ஒன்றும் இரண்டு மொழியிலும் கையில் இருக்கட்டும்.

ரொக்கம் கொடுப்பவர்கள் இருப்பார்கள், டீக்கடையில் இருபது, ஐம்பது என்று. அதை மறுக்க வேண்டாம். எண் வரிசையிட்ட ரசீதுப் புத்தகத்தை அறக்கட்டளையிடமே வாங்கி, அங்கேயே எழுதிக் கொடுங்கள், அன்று மாலையே கணக்கில் கட்டுங்கள். சாலையில் நின்று கேட்டு வசூலிக்காதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது, அப்படிப்பட்டவரை வங்கி வழியே அனுப்பச் சொல்லுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் அவர் பான் எண்ணை அறக்கட்டளைக்குத் தர வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிட்டால் பின்னால் மனவருத்தம் வராது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர்கள் அனுப்ப விரும்பினால், அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருந்தால் மட்டுமே, அதற்கென உள்ள கணக்கில்தான் வாங்கலாம். உங்கள் கணக்கில் வாங்கி மாற்றிவிடுவது தவறு. இந்தியக் கடவுச்சீட்டோடு வளைகுடாவில் இருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை.

கரிசல்நடை:

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியாகப் பை. 9 கிலோவில் கூடாரம், படுக்கைப் பை, சிறிய அடுப்பு, ஒரு ஜீன்ஸ், மாற்று ஷூ எல்லாம் இருக்கின்றன. தண்ணீர் இதில் சேர்க்கவில்லை.

மலைவழி:

தண்ணீரோடு 11 கிலோ ஆகிவிடும். உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தண்ணீர் உட்பட 6 கிலோதான் இலக்கு. நீங்கள் எழுதிய ஐந்துமே வேண்டாம். ஒவ்வோர் இரவும் கூரைக்கடியில்தான் தூங்கப் போகிறீர்கள், கடைகளில்தான் சாப்பிடப் போகிறீர்கள். மாற்று ஷூவுக்குப் பதில் 200 கிராம் ரப்பர் செருப்பு. ஓய்விடத்தில் காலை உலரவிட அது கட்டாயம் வேண்டும்.

உடை இரண்டு ஜோடி, சீக்கிரம் காயும் துணியில். மாலையில் சேர்ந்ததும் துவைத்துப் போட்டால் காலையில் தயார். உப்பு படிந்த துணியை மறுநாள் அப்படியே போட்டால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும், அலசவாவது வேண்டும். சாக்ஸ் மூன்று ஜோடி. மெல்லிய போர்வையாகவும் முக்காடாகவும் பயன்படும் ஒரு துண்டு. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், தலையில் மாட்டும் டார்ச், மருந்துப் பை, ஓ.ஆர்.எஸ். ஐந்து பொட்டலம், ரசீதுப் புத்தகம், அடையாள அட்டை. எல்லாவற்றையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பிறகு முதுகுப் பைக்குள் வையுங்கள். வெளியே போடும் மழை உறை முதுகுப் பக்கத்து வியர்வையைத் தடுக்காது. கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்கட்டும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிய பிறகுதான் பையின் தோள் பட்டைகளை இழுக்க வேண்டும், மாற்றிச் செய்தால் முழு எடையும் கழுத்தில் ஏறும்.

மறுநாள் தென்மலை – புனலூர் 21 கி.மீ. சுலபம் என்று தாமதமாக எழாதீர்கள். தொடை இறுகியிருக்கும், முதல் அரை மணி வேகம் வராது. வெயிலும் முதல் நாளை விட அதிகம் தெரியும். விடிந்ததும், ஆறரைக்குக் கிளம்புங்கள். ஒற்றைக்கல், இடமண் வழியாகப் பத்து மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும், பன்னிரண்டுக்கு முன் புனலூரில் காலை நீட்டலாம். டேப்பை முந்தின இரவே உரித்துக் காலைக் காற்றாட விட்டுவிட்டு, காலையில் புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள். உரிக்கும்போது வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் தோலோடு வராது.